கிரினாய்டு புதைபடிவம்: கையில் கிடைத்த துண்டிலிருந்து அதன் வாழ்க்கையைப் படிப்பது எப்படி?

பழைய சுண்ணாம்புப் பாறைகளில் புதைபடிவம் தேடத் தொடங்குவோர் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் நடுவில் துளையுள்ள ஒரு சிறு வட்டக் கல்தான். கிரினாய்டு என்னும் கடல் விலங்கின் தண்டிலிருந்து உதிர்ந்த வில்லை அது. முழு விலங்கும் கிடைத்தால்தான் ஏதாவது தெரியவரும் என்று நினைத்து, இந்த வில்லைகளைப் பலர் வீசிவிடுகிறார்கள். உண்மையில் கடல்தரை சேறாக இருந்ததா பாறையாக இருந்ததா, நீரோட்டம் எப்படி இருந்தது, விலங்கு உயிரோடு நின்றபோதே அதன்மேல் வேறு உயிர்கள் குடியேறினவா என்பதையெல்லாம் உதிர்ந்த துண்டுகளே சொல்லும். முழு உடல் காட்சிக்கு அழகு. வாழ்க்கையை அறிய ஒரு கைப்பிடி வில்லைகளும் அவை கிடந்த பாறையும் போதும்.

தேவையானவை அதிகமில்லை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மென்மையான பல்துலக்கி, தண்ணீர், மில்லிமீட்டர் அளவுகோல், பேனாக்கத்தி, சிறு டார்ச். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், ஏறக்குறைய கிடைமட்டமாகப் பிடியுங்கள். மேற்பரப்பின் வரிகள் நிழல் விழுந்தால்தான் தெரியும். நேர்வெளிச்சத்தில் எல்லா வில்லைகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

உடல் அமைப்பு

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவை சேர்ந்த முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்தவை கிரினாய்டுகள். சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவிசியன் காலத்தின் தொடக்கத்திலேயே இவை கடலில் இருந்தன. 35.9 கோடி முதல் 32.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையான மிசிசிப்பியன் காலத்தில் ஆழமற்ற கடல்களை நிறைத்தன. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் இறுதியில் நடந்த பேரழிவில் ஏறத்தாழ முழுவதும் மறைந்து, தப்பிய சிறு கிளையிலிருந்து மீண்டும் பெருகின. இன்று ஏறத்தாழ 600 இனங்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை வளர்ந்தபின் தண்டை இழந்துவிடும் இறகு நட்சத்திரங்கள். தண்டோடு வாழ்பவை ஆழ்கடலில்தான் உள்ளன.

உடலை அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். தரையைப் பிடித்துக்கொள்ளும் பற்றடி. அதன்மேல் அடுக்கிவைத்த நாணயங்களைப் போன்ற வில்லைகளாலான தண்டு. தண்டின் நுனியில் தகடுகள் சேர்ந்த கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கிளைக்கும் கைகள். பல இனங்களில் கைகளின் இருபுறமும் வரிசையாக மெல்லிய சிறகிழைகள். வாய் மேல்நோக்கி, கைகளுக்கு நடுவே இருக்கும். குடல் வளைந்து திரும்புவதால் கழிவுத்துளையும் அதே மேற்பக்கத்தில்தான் திறக்கும். சில இனங்களில் அது ஒரு குழாயாக உயர்ந்து, கழிவை வாயிலிருந்து தள்ளிக் கொட்டும்.

முதலில் இது கிரினாய்டுதானா?

ஒவ்வொரு வில்லையும், ஒவ்வொரு தகடும் தனியொரு கால்சைட்டுப் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) படிகம். உயிரோடிருக்கையில் அது நுண்துளைகள் நிறைந்த வலைப்பின்னல். துளைகளில் சதை இருக்கும். புதைந்தபின் அதே படிகத்தின் தொடர்ச்சியாகவே கால்சைட்டு வளர்ந்து துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால் உடைந்த வில்லையை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், உடைந்த முகம் முழுவதும் ஒரே நொடியில் கண்ணாடிபோல் மின்னும். சுற்றியுள்ள பாறை அப்படி மின்னாது. கள ஆய்வில் இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. துளை தேய்ந்து மறைந்த துண்டிலும் இது தெரியும்.

ஆனால் கடல் முள்ளெலியின் முட்களும் இதேபோல்தான் மின்னும். முள் ஒரு முனையில் கூம்பி, மறுமுனையில் மூட்டுக்குழியோடு இருக்கும். கிரினாய்டு தண்டு நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒரே தடிமனில் போகும், வில்லைகளுக்கிடையே வளையக் கோடுகள் தெரியும். கொம்புப் பவளத்தின் குறுக்குவெட்டில் ஆரச்சுவர்கள் மையம்வரை உள்ளே இறங்கியிருக்கும். கிரினாய்டில் ஆரவரிகள் மேற்பரப்பில் மட்டுமே. நேரான ஓடுடைய பழங்கால நாட்டிலாய்டுகளில் (கணவாயின் தூரத்து உறவுகள்) வளையங்கள்போல் தெரிபவை அறைச்சுவர்கள். அவை கிண்ணமாக வளைந்திருக்கும், வில்லை வில்லையாகக் கழலாது. பெலெம்னைட்டு (அழிந்துபோன கணவாய் உறவின் உள்ளோடு) துப்பாக்கிக் குண்டு வடிவம். உடைத்தால் மையத்திலிருந்து கதிர்கதிராகப் பிரியும் நார்ப்படிகம்.

அடிக்கடி ஏமாற்றுவது இன்னொன்று: திருகாணி வடிவக் கற்கள். தண்டின் கால்சைட்டு கரைந்துபோய், துளையிலும் வில்லைகளின் இடைவெளியிலும் புகுந்த சிலிக்கா மட்டும் எஞ்சினால், திருகாணியை ஒத்த அச்சு கிடைக்கும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் இவை நிறைய. உண்மையான திருகாணியைப் போலப் புரி தொடர்ந்து சுற்றாது. ஒவ்வொரு வளையமும் தனித்தனி. புரி தொடர்ந்து சுற்றினால் அது பெரும்பாலும் ஆர்க்கிமிடீஸ் என்னும் பாசிவிலங்கின் அச்சு.

வில்லையைப் படித்தல்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: வெளிவடிவம், துளை, மேல்முகம், ஓரம்.

வெளிவடிவம் வட்டமென்றால் அதை வைத்து அதிகம் முடிவு செய்ய முடியாது. எண்ணற்ற குழுக்களில் வட்ட வில்லைகள் உண்டு. கூரிய ஐமுனை நட்சத்திரமென்றால் பெரும்பாலும் டிரயாசிக் காலத்திலும் (பெர்மியனுக்கு அடுத்தது) அதற்குப் பின்பும் வாழ்ந்த ஐசோகிரினஸ், பென்டகிரினைட்டஸ் வகைகளை எண்ணலாம். நீள்வட்டமாக, முகத்தின் குறுக்கே ஒரு மேடு ஓடினால் அது பிளாட்டிகிரினைட்டஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மேடு ஒரு கீல். ஒரு வில்லையில் இரு திசைகளில் மட்டுமே அது வளைய விடும். வில்லைக்கு வில்லை கீல் சற்றே திரும்பியிருப்பதால் தண்டு முழுவதும் முறுக்கிக்கொண்டு, எந்தத் திசையிலிருந்து நீரோட்டம் வந்தாலும் வளைந்து கொடுக்கும்.

துளை வட்டமா, ஐங்கோணமா, ஐந்திதழா என்று குறித்துக்கொள்ளுங்கள். இனம் பிரிக்க அது உதவும். வெளிவடிவம் வட்டமாக, துளை மட்டும் ஐந்திதழாக இருப்பது சாதாரணம். மண் அடைத்திருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், விளிம்பு சிதையும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துத் துலக்கினால் போதும்.

மேல்முகத்தில் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிகள் இருந்தால் அவை அடுத்த வில்லையின் வரிகளோடு பற்கள்போலக் கோத்துக்கொள்பவை. தண்டு முறுக்கிக்கொள்ளாமல் தடுத்து, சற்றே வளைய மட்டும் அனுமதிக்கும் பூட்டு இது. வரியே இல்லாத தட்டையான முகமென்றால் அந்த மூட்டு ஏறத்தாழ அசையாதது. தண்டில் தசை கிடையாது. வில்லைகளைக் கட்டிவைப்பது தசைநாண்கள் மட்டுமே. அந்த நாண்களை நரம்புக் கட்டுப்பாட்டால் இறுக்கவும் தளர்த்தவும் இவ்விலங்குகளால் முடியும். பெரிதாக ஆற்றல் செலவிடாமல் மணிக்கணக்கில் நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.

ஓரத்தில் சிறு குழித் தழும்புகள் இருக்கின்றனவா? பொதுவாக ஐந்து. தரையைப் பற்றத் தண்டின் பக்கவாட்டில் நீளும் பற்றிழைகள் முளைத்த இடங்கள் அவை. இத்தகைய கணுவில்லைகளுக்கு நடுவே தழும்பில்லாத இடைவில்லைகள் பல இருக்கும். தழும்புள்ள வில்லைகள் அடுத்தடுத்து நெருங்கியிருந்தால் அது கிண்ணத்துக்குக் கீழே, தண்டு வளர்ந்துகொண்டிருந்த இளம்பகுதி: புதிய கணுக்கள் அங்கேதான் தோன்றும், இடைவில்லைகள் பிறகு நடுவில் புகும். பற்றிழையுள்ள ஐசோகிரினிட்டுகள் (ஐசோகிரினஸின் குழு) ஓரிடத்திலேயே நின்றவை அல்ல. இன்று வாழும் உறவுகள் தண்டை இழுத்துக்கொண்டு கைகளால் தவழ்வதைக் கடலடியில் படம்பிடித்திருக்கிறார்கள். கணுவின் அடிமுகத்தில் தண்டு எளிதில் கழன்றுவிடும், அதாவது ஆபத்து வந்தால் வால்பகுதியை விட்டுவிட்டு நகரலாம்.

எங்கே நின்றது?

பற்றடி கிடைத்தால் வில்லைகளைவிடக் கவனமாக எடுத்துவையுங்கள். கடல்தரையின் இயல்பை நேரடியாகக் காட்டும் பகுதி இதுதான், ஆனால் உருவமற்ற கல்லென்று நினைத்துப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளைத்துப் பரவும் வேர்வடிவம் மென்மையான சேற்றுக்கு உரியது. பாறையோடு, ஓட்டோடு ஒட்டிய தட்டையான வட்டத்தட்டு, கெட்டித் தரைக்கு உரியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் ஜுராசிக் காலக் கெட்டித்தரை ஒன்றில் அபியோகிரினைட்டஸ் பற்றடிகள் இன்றும் ஒட்டியிருந்த நிலையில் கிடைத்தன. மேலே வந்து படிந்த களிமண் அவற்றை மூடிவிட்டது. மிசிசிப்பியனுக்கு முந்தைய டெவோனியன் கால ஆன்சைரோகிரினஸில் பற்றடி நங்கூர வடிவிலேயே இருக்கும்.

எப்படிச் சாப்பிட்டது?

பழைய படங்களில் கிரினாய்டு கைகளைக் கிண்ணம்போல் மேலே விரித்து, விழும் உணவுத்துகளை ஏந்துவதாக வரைந்திருப்பார்கள். 1970களில் ஆராய்ச்சி நீர்மூழ்கிக் கலங்களில் இறங்கி, வாழும் தண்டுக் கிரினாய்டுகளைப் பார்த்தபோது படம் மாறியது. ஓட்டமுள்ள நீரில் அவை கைகளைப் பின்னோக்கி வளைத்து, நீரோட்டத்துக்குக் குறுக்கே விசிறியாக விரிக்கின்றன. விசிறியின் முதுகு நீரோட்டத்தைப் பார்க்கும், வாய் மறுபக்கம். நீர் கைகளினூடே கடந்துபோகையில் கைகளிலுள்ள சிறு குழாய்க்கால்கள் துகளைத் தட்டி உணவுப்பள்ளத்தில் தள்ளும். பள்ளம் அதை வாய்க்குக் கொண்டுபோகும். நீரைத் தானே இறைக்கும் உறுப்பு கிரினாய்டுக்கு இல்லை. ஓட்டம் நின்றால் உணவும் நிற்கும்.

புதைபடிவத்தில் இதைத் தேட, கையின் துண்டுகளை லென்ஸில் பாருங்கள். சிறகிழைகள் நெருக்கமாக இருந்தால் விசிறி நுண்ணிய வலை. மெதுவான நீர் அதற்குள் புகாமல் சுற்றிப் போய்விடும் என்பதால் இத்தகையவை விரைவான ஓட்டத்தில்தான் பிழைக்கும். சிறகிழையற்ற, அகன்று கிளைத்த கைகள் மெல்லிய ஓட்டத்திலும் வேலை செய்யும். உணவுப்பள்ளத்தின் அகலம் விழுங்கக்கூடிய துகளின் மேலளவைக் காட்டும். தண்டின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேலியோசோயிக் (பெர்மியனோடு முடிந்த பழைய யுகம்) கடல்தரையில் சில இனங்கள் சில சென்டிமீட்டர் உயரத்திலும், சில ஒரு மீட்டர்வரை உயர்ந்தும் நின்றன. ஒரே படுகையில் பல இனங்கள் நெருக்கியடித்துக் கிடப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். உயரமும் வலையின் நெருக்கமும் வேறுபட்டதால் ஒன்றின் உணவை மற்றொன்று அவ்வளவாகப் பறிக்கவில்லை.

அண்டை அயலார்

கிண்ணத்தின் மேல் பிளாட்டிசெரஸ் என்னும் நத்தை ஒட்டியிருந்தால் அது தற்செயலாக வந்து விழுந்தது அல்ல. கழிவுத்துளையின்மேல் உட்கார்ந்து கழிவைத் தின்று வாழ்ந்த விருந்தாளி அது. ஓட்டின் விளிம்பு கிண்ணத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கும். தண்டின்மேல் பவளமோ பாசிவிலங்கோ படர்ந்திருந்தால் சுற்றிலும் பாருங்கள். நாற்புறமும் படர்ந்திருந்தால் தண்டு அப்போது நின்றுகொண்டிருந்தது என்று கொள்ளலாம்; ஒரு பக்கம் மட்டும் என்றால், செத்து விழுந்த தண்டின் மேற்புறத்தில் குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம். வீங்கிய வில்லையில் குழி இருந்தால், உயிருள்ளபோதே ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு, விலங்கு அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. செத்த தண்டு வீங்காது. பெரிய கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மெலிந்திருந்தால், கடிபட்டு மீண்டும் வளர்ந்த கை அது.

ஏன் துண்டுகளே கிடைக்கின்றன?

கட்டிவைத்த திசு அழுகினால் எலும்புத்தகடுகளைச் சேர்த்துவைக்க வேறொன்றும் இல்லை. செத்த சில நாட்களில் கைகள் கழலும். ஓரிரு வாரத்தில் பெரும்பகுதி சிதறிவிடும். தண்டு மட்டும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஐசோகிரினிட்டுகளில் ஒரே நாண் பல வில்லைகளை ஊடுருவிச் செல்வதால், தண்டு கணுவுக்குக் கணு உடைந்து, வில்லைகள் கோர்வையாகவே கிடைப்பதுண்டு.

ஆகவே முழு உடல் என்பது திடீரென்று சேறு மூடியதன் அடையாளம். அமெரிக்காவின் இண்டியானாவில் உள்ள கிராஃபர்ட்ஸ்வில் மிசிசிப்பியன் கால முழுவுடல்களுக்குப் பெயர்பெற்றது அதனால்தான். ஒரே அளவு வில்லைகள் நிறைந்து, சாய்ந்த அடுக்குகளாகக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் என்றால் அலையும் ஓட்டமும் அரித்துச் சலித்துச் சேர்த்தவை. அங்கே கிடப்பவை அந்த இடத்தில்தான் வாழ்ந்தன என்று எழுதிவிடாதீர்கள். துளைகள் நிறைந்த புது வில்லை எடை குறைந்தது, வெகுதூரம் உருளும். தண்டுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால் திசைகாட்டி வைத்து அந்தத் திசையைக் குறியுங்கள்.

தரையில் நிற்காதவையும் உண்டு. 1836-இல் புவியியலாளர் வில்லியம் பக்லேண்ட், இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் கிடைத்த பென்டகிரினைட்டஸ் மிதக்கும் மரத்துண்டுகளில் ஒட்டி வாழ்ந்திருக்கலாம் என்றார். ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில், சுமார் 18.3 கோடி ஆண்டுப் பழமையான கரும்பாறையில் மரத்தோடு சேர்ந்தே செய்ரோகிரினஸ் கூட்டங்கள் கிடைத்துள்ளன; அங்குள்ள ஹாஃப் அருங்காட்சியகத்தின் பலகை ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். கரும்பாறை உயிர்வளியற்ற அடித்தரையைக் காட்டுகிறது. அங்கே தரையில் நின்று வாழ்ந்திருக்க முடியாது. அமெரிக்காவின் கான்சஸ் சுண்ணப்பாறையில் கிடைக்கும் யுயின்டகிரினஸுக்குத் தண்டே இல்லை. அது மிதந்ததா, மென்சேற்றின்மேல் அமர்ந்திருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்துவேறுபாடு இருக்கிறது.

எடுப்பதும் சுத்தம் செய்வதும்

நில உரிமையாளரின் அனுமதியும் அந்நாட்டின் புதைபடிவச் சட்டமும் முதலில். பாதுகாக்கப்பட்ட இடங்களில் பார்க்கலாம், எடுக்கக்கூடாது. பாறைமுகத்தின் அடியில் நிற்காதீர்கள். சுத்தியல் வீசும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

களிப்பாறையிலிருந்து வில்லைகளைப் பிரிக்க:

1. மண்ணை முழுவதும் உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பிறகு கரையாது; நன்கு உலர்ந்த களிதான் நீரை வேகமாக உறிஞ்சி உடையும். தோல்விக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.
2. ஒரு கிலோ மண்ணுக்கு மூன்று லிட்டர் வெந்நீர், லிட்டருக்கு 20 கிராம் சலவைச் சோடா. ஓர் இரவு ஊறட்டும். கையுறை அணியுங்கள்.
3. 2 மி.மீ., 1 மி.மீ., அரை மி.மீ. சல்லடைகளை மேலிருந்து கீழாக அடுக்கி, மெல்லிய நீர்த்தாரையில் அலசுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். சிறகிழைகளும் கைத்துண்டுகளும் அரை மி.மீ. சல்லடையில்தான் தங்கும், அதை விட்டுவிட்டால் தண்டு மட்டுமே மிஞ்சும்.
4. கலங்கல் நீரைக் குழாய்த்தொட்டியில் ஊற்றினால் களி படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டுக் கொட்டுங்கள்.
5. உலர்த்தி, கறுப்புத் தாளில் பரப்பி, லென்ஸில் பொறுக்குங்கள்.

கெட்டிச் சுண்ணாம்புக்கல்லில் பதிந்திருந்தால் ஊசிதான் வழி. வினிகரோ வேறு அமிலமோ ஊற்றாதீர்கள்: புதைபடிவமும் பாறையும் ஒரே கால்சைட்டு, இரண்டும் சேர்ந்தே கரையும், வரிகள் முதலில் போகும். படிவம் சிலிக்காவாக மாறியிருந்தால் மட்டுமே அமிலம் உதவும். உபயோகமற்ற ஒரு வில்லையில் கத்தியால் கீறிப் பாருங்கள்; கால்சைட்டு எளிதில் கீறும், சிலிக்கா கீறாது. தூளைக் காற்றோடு வீசிப் பாறையை அரிக்கும் காற்றழுத்தத் தூள்கருவி வைத்திருப்போர் சமையல் சோடாத் தூளில் தொடங்கலாம். அது கால்சைட்டைவிடச் சற்று மென்மையானது. இரும்புத்தூள் மென்மையான பாறையோடு படிவத்தையும் அரித்துவிடக்கூடும்.

உதிரும் துண்டுக்கு 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம் பாராலாய்டு பி-72 (துண்டைக் கெட்டிப்படுத்தும் பிசின்) கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். முழுதும் உலர்ந்த படிவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை பூக்கும். காற்றோட்டமான இடம், அருகில் நெருப்பு கூடாது. பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறிய படிவங்கள், ஜெர்மனியின் புண்டன்பாக் பகுதியில் கிடைப்பவைபோல, ஈரக்காற்றில் தூளாகிவிடும். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு மேல் போகாமல் பாருங்கள்.

சீட்டில் இடம், பாறையடுக்கு, எந்த மட்டத்தில் கிடைத்தது, நாள், எடுத்தவர் பெயர், எந்த முகம் மேலே இருந்தது என்பவற்றை எழுதுங்கள். கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில்லாமல் மேலே சொன்ன படர்ச்சிச் சோதனை பயனற்றது. சுற்றியிருந்த பாறையில் ஒரு கையளவாவது சேர்த்து வையுங்கள்.

விலைக்கு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மொராக்கோவிலிருந்து வரும் பெரிய சைஃபோகிரினைட்டஸ் பலகைகள் பலவும் உண்மையானவை, ஆனால் ஒட்டுவேலையும் செதுக்கலும் அவற்றில் மிகுதி. பலகையின் ஓரத்தைப் பார்த்து நிரப்புப்பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். புறஊதா டார்ச்சில் பசையும் பூச்சும் பாறையிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். விற்பவர் ஒப்புக்கொண்டால் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் ஒரு மூலையைத் துடையுங்கள். நிறம் பஞ்சில் இறங்கினால் அது சாயம். வில்லைகள் எல்லாம் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் இருந்து, லென்ஸில் உளித்தடம் தெரிந்து, எந்தக் கோணத்திலும் படிக மின்னல் இல்லையென்றால் அந்தத் தண்டு செதுக்கப்பட்டது.